நடுக் கட்டத்தில் ஒரு டிக்

போன வியாழக்கிழமை ஓசூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போயிருந்தேன். என் தோழி மாலதி கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். 'ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும்?' என்பதில் வளரிளம் பெண்களின் நம்பிக்கை என்ன என்று ஆய்வு செய்கிறாள். எனக்குக் கன்னடம் தெரியும் என்பதால் துணைக்கு இழுத்துக்கொண்டாள்.

பத்தாம் வகுப்பு. தமிழ், கன்னடம், தெலுங்கு... ஒரே பெஞ்சில் மூன்று மொழி. தாளில் இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முழுவதும் ஏற்கிறேன்' முதல் 'முழுவதும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். பெயர் வேண்டாம், தாய்மொழியும் ஊரும் போதும். டிக் போட வேண்டியதுதான். சுலபம்தானே?

சவிதா என்ற பெண் கை தூக்கினாள். ஜவளகிரிக்காரி. வீட்டில் கன்னடம்.

"மேடம், நான் நெனைக்கிறத போடணுமா, எங்க ஊட்ல நெனைக்கிறத போடணுமா?"

"நீ நெனைக்கிறதம்மா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

மறுநாள் மீதி வகுப்புகளுக்காகப் போனால், தலைமையாசிரியை அறையில் சவிதாவின் அப்பா. கம்பெனி யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார். 'பெற்றோர் சொல்லும்போது பெண் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்' என்று தாளில் ஒரு வாக்கியம். அதே வகுப்பில் படிக்கும் சொந்தக்காரப் பெண் அதைப் போய் வீட்டில் சொல்லிவிட்டாள்.

"எம் பொண்ணு இன்னா போட்டான்னு எனக்குத் தெரியணும். அந்த பேப்பர எடுங்க."

"சம்மதக் கடிதத்துல நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள் மாலதி.

"போட்டேன். படிச்சா போட்டேன்?"

நம்மில் எத்தனை பேர் படித்துவிட்டுப் போடுகிறோம்?

ஜவளகிரி, கன்னடம் என்று தேடினால் இரண்டு நிமிடத்தில் தாள் கிடைத்துவிடும். தலைமையாசிரியை எங்கள் பக்கம் குனிந்தார். "காட்டிடுங்க மேடம். படிப்ப நிறுத்திட்டாருன்னா யாரு பதில் சொல்றது?"

மாலதி தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "முடியாது. யாருக்கும் காட்ட மாட்டேன்னு பொண்ணுங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"அப்ப திங்கக்கெழமலேர்ந்து அவ வர மாட்டா."

ஒரு பெண்ணின் படிப்பா, ஒரு வகுப்பின் நம்பிக்கையா?

வாசலில் நிழல். சவிதா! யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறாள்.

"ஹேளு" என்றார் அப்பா. சொல்லு என்கிறார்.

எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, அவள் தமிழில் சொன்னாள்.

"நடு கட்டத்துல போட்டேம்ப்பா. உண்மைய போட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயமா இருந்திச்சு."

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியேறிவிட்டார்.

நடுக் கட்டத்தை 'கருத்து இல்லை' என்றுதான் கணக்கில் எடுப்பார்களாம். பயத்துக்கு எந்தத் தாளில் கட்டம் போட்டிருக்கிறோம்?

திங்கட்கிழமை சவிதா வரவில்லை. செவ்வாயும் இல்லை. பள்ளிக்கு ஃபோன் மேல் ஃபோன் போட்டேன். 'நீ நெனைக்கிறத போடு' என்று சொன்னவள் நானல்லவா?

புதன்கிழமை நேரில் போனோம். கேட்டருகே ஒரு பைக் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து சவிதா இறங்கினாள். அப்பா மாலதியிடம் வந்தார். முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை.

"இன்னொரு பேப்பர் குடுங்க. மறுபடி எழுதட்டும். நான் வெளிய நிக்கறேன்."

ஒருவர் ஒருமுறைதான் எழுதலாம். இரண்டாவது தாள் ஆய்வில் சேராது. மாலதிக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

எந்தக் கட்டத்தில் டிக் போட்டாள் என்கிறீர்களா? நானும் வெளியேதான் நின்றேன்!