வெலை கொறஞ்ச குளிகை

மருந்துக்கடைக்காரனை யாரும் நம்புவதில்லை; ஆனால் அவன் எடுத்துக் கொடுப்பதை வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்துவிடுகிறார்கள். இரணியலில் கடை போட்ட நாள் முதலாக நான் பார்த்துவரும் அதிசயம் இது. கத்தரிக்காய் என்றால் கிள்ளிப் பார்க்கலாம். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். குளிகையை என்ன செய்து பார்ப்பது? மாத்திரையை எங்கள் பக்கம் குளிகை என்றுதான் சொல்வோம். அதைச் சோதிக்க வழியில்லாததால், கொடுக்கிற ஆளை உற்றுப் பார்க்கிறார்கள். மாதாமாதம் பெரிய கம்பெனி மருந்து வாங்கி நொந்துபோன அன்பர்களே, நீங்கள் அப்படிப் பார்ப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நானும் உங்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சிக்குத் தெரியவேண்டியது

ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சிக்கு வில்லுக்குறி பக்கம் வயல். சர்க்கரை வியாதிக்கு அவர் சாப்பிடும் கம்பெனி குளிகையின் விலையைக் கேட்டாலே இன்னும் கொஞ்சம் சர்க்கரை ஏறும். ஒருமுறை டாக்டர் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தார். நான் இரண்டு அட்டைகளை எடுத்து முன்னால் வைத்தேன். "ரெண்டும் ஒரே மருந்துதான் அண்ணாச்சி. இது பழைய கம்பெனி. இது வேற கம்பெனி, விலை பாதிதான்" என்றேன். அண்ணாச்சி அட்டைகளைப் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வெலை?"

விளம்பரச் செலவு, ஆள் செலவு, முதலில் கண்டுபிடித்தவர் செலவு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் கெடக்கட்டு. எதை வித்தா உனக்கு லாபம் கூட?" என்றார். இப்படி நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. விலை குறைந்ததில்தான் கடைக்காரனுக்குக் கிடைக்கும் பங்கு கூடுதல். வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். போச்சு, ஆள் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் தெளிந்தது. விலை குறைந்த அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"லாபம் இல்லாம ஒருத்தன் எனக்கு நல்லது செஞ்சான்னா அதாக்கும் பயம். இப்ப சரி மக்கா, இதையே தா."

கடல் கடந்து வந்தது

இனயத்து ஸ்டெல்லா அக்கா ரத்த அழுத்தத்துக்கு என் கடையில்தான் மருந்து வாங்குவார். வாங்கும்போதெல்லாம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "இது ஒறிஜினல்தானே?" என்று கேட்காமல் போகமாட்டார். வளைகுடாவில் வேலை செய்யும் மகன் விடுமுறைக்கு வந்தபோது அங்கிருந்து அதே மருந்தைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்துவிட்டான். ஒரு பெட்டியை அக்கா கவுண்டரில் வைத்தார். மேலெல்லாம் அரபி எழுத்து. "எப்படித் திங்கணும்னு வாசிச்சுச் சொல்லும். இனி உம்மக்கிட்ட வாங்க வேண்டாம் பாரும்" என்றார்.

அதே மருந்துதான், அதே அளவுதான். பெட்டியைத் திருப்பினேன். அடியில் பொடி எழுத்தில் இந்தியாவில் தயாரித்தது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. இந்த மாதிரிச் சந்தர்ப்பம் மருந்துக்கடைக்காரனுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும். விரலை வைத்துக் காட்டி, வாசித்தும் சொன்னேன். அக்கா பெட்டியை வாங்கிச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார், பைக்குள் வைத்தார்.

"இங்க உண்டாக்கினா என்ன? அவ்வளவு தூரம் போயிட்டு வந்திருக்குல்லா, அங்க உள்ளவங்க பாத்துத்தானே விட்டிருப்பாங்க?"

பார்சல்

வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர். அப்பாவுக்கு மருந்து வாங்க வருவார். நான் விலை சொன்னதும் செல்போனை எடுத்து, ஆன்லைனில் எவ்வளவு என்று பார்ப்பார். அதில் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். "ஆர்டர் போட்டிருதேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் வந்தார், கையில் பார்சல். வாங்குவதற்கு அல்ல, காட்டுவதற்கு வந்திருக்கிறார். அப்பா அட்டையைப் பார்த்துவிட்டு நிறம் மாறியிருக்கிறது, தொடமாட்டேன் என்கிறாராம். நான் தேதி பார்த்தேன், தயாரித்த கம்பெனியைப் பார்த்தேன், என் அலமாரியில் இருந்த அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டைதான் புதுசு, மருந்து அதே மருந்துதான். பயப்பட ஒன்றுமில்லை என்றேன். இவ்வளவு நம்பிக்கை உள்ளவர் என்னிடமே வாங்கியிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர் போனில் அப்பாவை அழைத்துவிட்டார்.

"அப்பா, தைரியமா தின்னுங்க, கடைக்காரர் பாத்துட்டாரு, அவருக்கு இதுல ஒரு பைசா கெடையாது, பொய் சொல்லமாட்டாரு."

ஷூ போட்ட விவசாயி

மருந்துக் கம்பெனிக்காக டாக்டர்களையும் கடைகளையும் சுற்றி வருபவரை ரெப் என்போம். எங்கள் பக்கம் வரும் ரெப் ஒருவருக்கு, தன் கம்பெனிப் பெயரை டாக்டர் எழுதிய சீட்டுக்கு நான் வேறு மருந்து கொடுக்கிறேனோ என்று ஐயம். ஒருநாள் புதிதாக ஒருவர் சீட்டோடு வந்தார். "நான் பாவப்பட்ட விவசாயியாக்கும். இதே மருந்து வெலை கொறச்சு வேற உண்டா?" என்றார். காலைப் பார்த்தேன். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. "டாக்டர் மாத்தி எழுதித் தந்தா தாறேன். எழுதினது இதுதான்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். விவசாயி ஒன்றும் வாங்காமல், சாலையோரம் நின்ற பைக்கை நோக்கி நடந்தார். பைக்கில் காத்திருந்த ரெப் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றாவிட்டாலும் தொப்பை தெரியுமல்லவா?

கொஞ்ச மாதம் கழித்து அதே ரெப், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தார். அவருடைய அம்மாவுக்கு அவர் கம்பெனி மருந்தையேதான் டாக்டர் எழுதியிருந்தாராம். இவர் போய்க் கேட்டு, விலை குறைந்ததாக மாற்றி எழுதி வாங்கி வந்திருக்கிறார். சீட்டைக் கவுண்டர் மேல் வைக்காமல் என் உள்ளங்கையில் திணித்தார்.

"வெளிய சொல்லிராதீங்க அண்ணே, நான் சம்பளத்துக்குத்தான் அந்த மருந்த புகழுறேன், வாங்குறதுக்கு அந்தச் சம்பளம் காணாது."

பர்சில் கூடிய பைசா

தங்கசாமி பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இருதயக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபின் வேலைக்குப் போகவில்லை. அவர் மனைவி லீலா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிறார். ஸ்டென்ட் அடைக்காமலிருக்கத் தங்கசாமி காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும் குளிகை சாப்பிட வேண்டும். பெயர்பெற்ற கம்பெனி, பெயருக்கேற்ற விலை. மாதத்துக்கு வேண்டியதில் பாதிதான் வாங்குவார். கேட்டால், "மிச்சம் வீட்டுல கெடக்கு" என்பார். நான் நம்பவில்லை. எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த கடையில் தள்ளுபடி கொடுக்கிறார்கள். மீதிப் பாதியை அங்கே வாங்குகிறார் என்று முடிவு கட்டி, அந்தக் கடை வாசலையே கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் லீலா வந்தார். முந்திரித்தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இவரு கேரளா லாட்டரி எடுக்காரா?" என்று கேட்டார். ஏன் என்றேன். "என் பேர்சுல நான் வைக்காத பைசா கெடக்கு. கொறஞ்சா குடிக்காருன்னு நினைக்கலாம். கூடினா என்னத்த நினைக்க?" மருந்துக்குப் பணம் கொடுத்தனுப்பும் வாரத்தில்தான் கூடுகிறதாம். அவர் பாதிதான் வாங்குகிறார் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே இருவருக்கும் விளங்கிவிட்டது. லீலா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ராத்திரிக்குள்ளது?" என்றார். நாளைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

மறுநாள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இரவுக் குளிகையை விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று நான் சத்தம் போட்டேன். தங்கசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. லீலாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு, "ராத்திரி ஒறங்கத்தானே போறேன்? ஒறங்குறவனுக்கு எதுக்கு இத்தனை வெலைக்கு குளிகை?" என்றார். "நீரு காலையில எந்திரிக்கலன்னா அந்தப் பைசாவ வச்சு நான் என்ன செய்யட்டும்?" என்றார் லீலா. 

அன்றே டாக்டரிடம் போனார்கள். நல்லவேளை, குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. டாக்டர் வேண்டிய மட்டும் ஏசிவிட்டு, அதே மருந்தை விலை குறைந்த வேறு கம்பெனியில் எழுதிக் கொடுத்தார். இப்போது தங்கசாமி முரண்டு பிடித்தார். மலிவு மருந்து இருதயத்துக்குக் கேட்காது, கம்பெனி குளிகை தந்தால் திங்கிறேன் என்றார். லீலா சண்டை போடவில்லை. தானே வந்து மலிவானதை வாங்கினார். அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, வேளைக்கு ஒன்றாகப் பிதுக்கி அவர் கையில் கொடுத்தார். கேட்டால் கம்பெனி குளிகை என்று சொல்லச் சொல்லி என்னிடமும் உறுதி வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்துத் தங்கசாமி இருமல் மிட்டாய் வாங்க வந்தார். முகத்தில் நல்ல தெளிச்சி, மூச்சு வாங்காமல் நடக்கிறார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்று, "கம்பெனி மருந்து நல்லா கேக்குது போல" என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கவுண்டர் மேல் குனிந்தார்.

"கம்பெனி குளிகையில எழுத்து உண்டு, இதுல ஒண்ணும் இல்ல, எனக்கு மொத நாளே தெரியும், அந்தக் கையால தாறா, நான் முழுங்குதேன், நீரு அவகிட்ட சொல்லிராதேயும்."

இத்தனை காலம் கடை நடத்தியதில் நான் கண்டது, மருந்தை நம்பிச் சாப்பிட்டவர்களைவிட, விலையையும் கம்பெனியையும் என்னையும் சந்தேகப்பட்டுக்கொண்டே வேளை தவறாமல் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் பிழைத்திருக்கிறார்கள்.