இறம்பொடை இறக்கத்தில் பேச்சியம்மாவின் வண்டி

இலங்கை மலையகத்தின் கொட்டகலைக் கடைவீதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பேச்சியம்மா 1957இல் ஒரு கார் வாங்கினாள். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ஆஸ்டின். அவளுக்கு ஓட்டத் தெரியாது. கந்தப்பன் என்ற டிரைவரைச் சேர்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு விட்டாள். கந்தப்பன் நன்றாக ஓட்டுவான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பான்.

அந்த "ஆமாங்க"தான் நுவரெலியா கராஜில் அவளுக்கு வினையானது. கார் விற்கும் கம்பனி ஒன்றின் கராஜ் அது. வண்டியை சர்விசுக்கு விட்டால் சிறில் என்ற இளைஞன்தான் வந்து பேசுவான். அவன் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. முதல் தடவை வண்டியைச் சுற்றி வந்து, பிளக் எல்லாம் மாற்ற வேண்டும் என்றான். கந்தப்பன் ஆமாங்க என்றான். அடுத்த தடவை ஃபேன் பெல்ட். அதற்கடுத்த தடவை நுவரெலியாப் பனிக்கென்று தனியாக ஒரு எண்ணெய்.

"வண்டி கொட்டகலையிலதானே நிக்குது தம்பி," என்றாள் பேச்சியம்மா.

"அங்கயும் பனி பெய்யுதே அக்கா. நடுமலையில வண்டி நின்னுட்டா யாரு பொறுப்பு?"

பிள்ளைத்தாச்சியை ஏற்றிப்போகும் வண்டி. அவள் பயந்து சரி என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு மனசு உறுத்திற்று. சிறிலின் அந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், சாயங்காலம் மிஞ்சிய வடையை "இப்பத்தான் எடுத்தேன் சாமி" என்று பஸ்காரர்களிடம் தள்ளிவிடும் அவளுடைய குரலேதான்.

அடுத்த சர்விஸ் ஒரு சனிக்கிழமை. கராஜ் வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்க, சிறில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"பிரேக் தேஞ்சு போச்சு அக்கா. நாலு சக்கரத்துக்கும் மாத்தணும். இதோட இறம்பொடை எறக்கத்துல எறங்குனா, நேரா மோட்சம்தான்."

கந்தப்பன் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மா முந்திக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிறிலின் மனைவி டோரீன் கைப்பிள்ளையும் கேக் பெட்டியுமாக ஓடிவந்தாள். மறுநாள் இறம்பொடையில் அவள் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம். இன்றே போய்ச் சேர வேண்டும். பஸ் நிற்காமல் போய்விட்டது. சிறில் கம்பனி வண்டி ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"நம்ம வண்டி சும்மாதானே நிக்குது," என்றாள் பேச்சியம்மா. "ஏறுங்க, எறக்கி விட்டுருவோம்."

அவசரத்தில் சிறில் எதையும் நினைக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டான். கந்தப்பன் விழித்தான். பேச்சியம்மா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "ஓட்டு" என்றாள்.

லபுக்கலை தாண்டியதும் சாலை மடங்கி மடங்கி இறங்கியது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பாதாளம். முதல் வளைவுக்கு முன்னால் பேச்சியம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எதுக்குக்கா கும்பிடுறீங்க?" என்றாள் டோரீன்.

"பிரேக் இல்லையே தாயி, அதான். உங்க மாதாவையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கங்க."

"யாரு சொன்னது?"

"உங்க வீட்டுக்காரருதான். காலையில பாத்துச் சொன்னாரு."

டோரீன் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "நிப்பாட்டுங்க, நான் எறங்குறேன்," என்றாள். கந்தப்பன் வழக்கம்போல "ஆமாங்க" என்று பிரேக்கை மிதித்தான். வண்டி அடித்த ஆணிபோல நின்றது. நின்ற வேகத்தில் கேக் பெட்டி சிறிலின் மடியிலிருந்து பறந்து முன்சீட்டின் முதுகில் மோதியது.



"நல்லாத்தானே நிக்குது," என்றாள் டோரீன் மெதுவாக.

சிறில் கேக் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னான். "பிரேக்குக்கு ஒண்ணும் இல்ல. வர்ற வண்டிக்கெல்லாம் ஏதாவது ஏத்திவிடணும்னு மேல சொல்லியிருக்காங்க."

"அப்ப இவங்கள பொய் சொல்லிப் பயமுறுத்தினீங்களா?"

சிறில் நசுங்கிய பெட்டியை நிமிர்த்தப் பார்த்தான். பேச்சியம்மாதான் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நானும் பழைய வடை விக்கிறவதான் தம்பி. ஆனா திங்கலேன்னா செத்துருவேன்னு எவனையும் மெரட்டுனதில்ல."

டோரீன் பிள்ளையோடு முன்சீட்டுக்கு மாறி, பேச்சியம்மாவை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நசுங்கிய கேக்கோடு சிறில் பின்னால் தனியாக வந்தான். இறம்பொடையில் சொந்தக்காரர்கள் கேக்குக்கு என்ன ஆயிற்று என்று கேட்க, டோரீன் ஒன்றையும் மறைக்கவில்லை. லாரி வைத்திருந்த அவள் சித்தப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "மாப்புள, போன மாசம் நம்ம லாரிக்கு மாத்துனியே..." என்று ஆரம்பித்தார். சிறில் கை கழுவப் போனவன் வெகுநேரம் வரவில்லை.

பேச்சியம்மா அதற்குப் பிறகும் அதே கராஜுக்குத்தான் போனாள். வேறு இடம் பார்க்கலாமே என்று கந்தப்பன் ஒரு தடவை அபூர்வமாக வாய் திறந்தான்.

"புதுக் கள்ளன்னா மறுபடி மொதல்ல இருந்து பழக்கணும்டா," என்றாள்.

சிறில் அவள் வண்டியை மட்டும் தானே குனிந்து பார்த்தான், சட்டையில் கறை பட்டாலும். மற்ற வண்டிக்காரர்களிடம் பனி எண்ணெய் தொடர்ந்து விற்றுக்கொண்டுதான் இருந்தது.