அங்கிக்குள் தைத்த மைக்

எண்பதுகளின் நடுவில், போளூர்ப் பக்கம் மலையடிவார ஊர் ஒன்றில் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில், சர்ச் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். ஊரில் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் நாங்கள் தவக்காலத்தில், ஏசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகம் போடுவோம். ஆண்டவர் வேஷம் கட்டுகிறவருக்குக் கை கட்டப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் சிலுவை சுமந்திருக்கும், கடைசியில் விரித்துக் கிடக்கும். மைக்கைப் பிடிக்க வழியில்லை. ஆகவே அவர் வாயை மட்டும் அசைப்பார். திரைக்குப் பின்னால் ஸ்டாண்டு மைக்கில் நின்று வசனம் பேசுகிறவர் என் அண்ணன். பன்னிரண்டு வருஷம் அவர்தான் பேசினார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, ஒரு கண்ணில் பார்வை இல்லை, அதனால் மேடையில் ஏற்றமாட்டார்கள். வருஷம் முழுக்க மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிற மனுஷன். ஊரில் அவருக்கென்று இருந்த மரியாதை அந்தக் குரல் ஒன்றுதான்.

இப்படியிருக்க, நான் மெட்ராஸ் போய் ஒயர் இல்லாத மைக் வாங்கி வந்தேன். சட்டையில் மாட்டுகிற சின்ன மைக், அதோடு சேர்ந்த சிகரெட் பெட்டி அளவு டிரான்ஸ்மிட்டர், ஆம்ப்ளிபயர் பக்கத்தில் வைக்க ஒரு ரிசீவர். இனி வேஷக்காரர் தன் குரலிலேயே பேசலாம். நாடகக் குழு மொத்தமும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனிடம் சொன்னேன்.

"இனிமே நீ தொண்டை கட்டிக்க வேணாம்ண்ணா. துணிமணிய பாத்துக்க, போதும்."

"அதுவும் நல்லதுதான்டா" என்றார். மைக்கைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ரிசீவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஜவ்வாது மலை மேலே மிஷன் பள்ளிக்கூட மைதானத்தில் நாடகம். இருட்டுவதற்குள் லாரி இறங்கியாக வேண்டும் என்று பகலிலேயே வைத்தோம். மலையில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர்தான். அதை ஓட்டியதும் ரிசீவரில் பொரி பொரிக்கிற மாதிரி சத்தம். ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் புளியமரங்களுக்கு அப்பால் நிறுத்தி, ஒயரை நீட்டினேன். சத்தம் அடங்கியது. அடுத்து, வேஷக்காரர் நடக்க நடக்கக் குரல் நழுவியது. டிரான்ஸ்மிட்டரின் ஏரியல் ஒயர் வேர்வையில் உடம்போடு ஒட்டினால் ஸ்டேஷன் தள்ளிப்போகும். ரிசீவர் குமிழில் விரலை வைத்துக்கொண்டு குரலின் பின்னாலேயே போகவேண்டும். அதற்குத்தான் அங்கியின் உட்புறம் நானே பை தைத்து, உடம்பில் படாமல் டிரான்ஸ்மிட்டரை வைத்திருந்தேன். மைக்கைக் கழுத்துப் பட்டிக்குள் ஒளித்தேன். யாரையும் தொட விடவில்லை.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சிலுவையில் அறைகிற காட்சிக்கு எங்கள் ஊரில் ஒத்திகை கிடையாது. விளையாட்டுக்கு அறைந்து பார்ப்பது பாவம், வருஷத்துக்கு ஒரு தரம்தான் என்று வழக்கம். ஒத்திகையெல்லாம் அதற்கு முந்தைய காட்சியோடு நின்றுவிடும். அறைவதற்கு முன் சேவகர்கள் அங்கியை உரிப்பார்கள் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பை தைத்த எனக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை.

உரித்தார்கள். சீட்டுப் போட்டார்கள். ஜெயித்தவன் அங்கியைச் சுருட்டித் திரைக்குப் பின்னால், துணிமணி பார்க்கிறவரிடம் கொடுத்தான். மைக்கும் அதோடு போய்விட்டது. வேஷம் கட்டியிருந்த பள்ளிக்கூட வாத்தியாரைச் சிலுவையில் தூக்கி நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறந்தார்.

ஹாரன் ஸ்பீக்கரில் வசனம் கேட்டது.

வாத்தியார் குரல் கீச்சுக் குரல். இது அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். மடியில் அங்கியை வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் என் அண்ணன் வாத்தியாரோடு சேர்ந்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஹாரனில் கேட்பது வாத்தியார் குரல் என்றே நினைத்திருப்பார். உரக்கப் பேசவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பேச்சு. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவர் அப்படிப் பேசியதில்லை. பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்த மலைக்காரப் பெண்கள் அடங்கிவிட்டார்கள். எங்கள் சாமியைக் கும்பிடாத ஒரு கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் குமிழில் வைத்த விரலை எடுக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்த எங்கள் ஊர்க்காரர் திரும்பி, சிரித்தார்.

"இன்னாய்யா, உங்கண்ணன் கொரலு மாரி கீது? மிஷினு பேசலியா?"

குமிழைத் திருகி ஹாரனை ஊமையாக்கினேன். தாயைச் சீடரிடம் ஒப்படைக்கிற வசனம் பாதியில் நின்றது. வாத்தியார் வாயை அசைத்தபடி தொங்கினார். தலை சாய்கிற வரைக்கும் தூரத்து ஜெனரேட்டர் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

நாடகம் முடிந்ததும் அண்ணன் அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு என் ஆம்ப்ளிபயர் மேஜைக்கு வந்தார். டிரான்ஸ்மிட்டரைத் தனியாக எடுத்து, துண்டில் சுற்றி வைத்திருந்தார். அதற்குள் யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் சும்மா சொல்லிக்கினு இருந்தேன்டா. அதுல வுழும்னு தெரியாது. என்னாலதான் உன் மிஷினு நின்னுட்ச்சா?"

இல்லண்ணா, நான்தான் நிறுத்தினேன் என்று சொல்லவேண்டிய இடம் அது.

"சரி வுடு. இனிமேலாச்சும் வாய மூடிக்கினு இரு" என்றேன்.

"மன்னிச்சுக்கடா" என்றார், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்.

அடுத்த தவக்காலத்தில் பங்குச் சாமியாரே வீட்டுக்குப் போய் வசனம் பேச அண்ணனைக் கூப்பிட்டார். "நான் பேசினா தம்பி மிஷினு கெட்டுடும், சாமி" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். இடையில் தினமும் காலையில் என் கடை வாசலைத் தாண்டித்தான் மளிகைக் கடைக்கு நடந்தார். மிஷின் கெடவில்லை என்று ஒருநாளாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.