இரண்டு அடியை ஓரடி ஆக்கிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்யும். ஒரே சமயத்தில் இரண்டு கொடுத்தால் நம் பிராணனை வாங்கும். புரோகிராம் எழுதி அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில், மலைமேல் ஜமுனாமரத்தூர் போகும் வழியில் ஒரு தரைப்பாலத்தருகே வேலூர் ஆபீஸார் என்னை ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார வைத்தார்கள். என் புரோகிராமில் ஒரு பாதி ஓடைத் தண்ணீரை அளந்து எழுதும். மறு பாதி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் படித்து வெளியே போர்டில் காட்டும். ஒன்றரை அடியைத் தாண்டினால் பஸ் போகக் கூடாது. அதுவரை கண்ணால் பார்த்து, ரோட்டின் குறுக்கே கயிறு கட்டிப் பஸ்ஸை நிறுத்தியவர் வெள்ளையன். போர்டு சரியாக ஓடினால் அவர் வேலை போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

சந்தை நாள் மழை

போர்டில் 1 அடி 11 அங்குலம், பஸ் நின்றது. அடுத்த முறை 1 அடி 0. டிரைவர் கரீம் பாய் வண்டியைக் கிளப்பிவிட்டார். உண்மையில் தண்ணீர் 2 அடி. அளக்கும் பாதி அங்குலத்தை 0 ஆக்கிவிட்டு, அடியை 2 ஆக்குவதற்குள் மறு பாதி படித்துத் தொலைத்துவிட்டது. பஸ் நிறைய ஜனம். வெள்ளையன் கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

“மழ ஊத்திக்கினே கீது, தண்ணி மட்டும் எப்டி சார் கொறையும்?” என்றார்.

பூட்டியவன் திறக்கவில்லை

புரோகிராமுக்குள் ஒரு பூட்டு வைத்தேன். எழுதும் பாதி பூட்டிக்கொண்டு அடி, அங்குலம் இரண்டையும் எழுதிய பிறகே திறக்கும்; அதுவரை படிக்கும் பாதி காத்திருக்கும். வெள்ளையனுக்கும் விளக்கினேன். “நான் கயிறு கட்றதும் அதுக்குத்தானே சார்” என்றார்.

ஒரு நாள் ஓடையில் நட்டிருந்த அளக்கும் கம்பியில் சருகு மாட்டி, எழுதும் பாதி திறக்காமலே பாதியில் நின்றுவிட்டது. அப்படியும் நிற்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஓடை வடிந்தும் போர்டு சாயங்காலம் வரை 2 அடி 3 அங்குலத்திலேயே நின்றது. புளி மூட்டைக்காரர்கள் கால் நனையாமல் நடந்து போனார்கள். வெள்ளையன் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

“ரோடு காஞ்சி போச்சு சார், உங்க போர்டுலதான் இன்னும் வெள்ளம்.”

மேலதிகாரி வந்தார்

அதையும் சரி செய்தேன். இரண்டு மாதம் ஒரு பிசகும் இல்லை. வேலூரிலிருந்து வந்த அதிகாரி, வெள்ளையனை வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா என்று அவர் எதிரிலேயே என்னைக் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. “புரோகிராமில் எனக்குத் தெரிந்த தப்பு இல்லை. தெரியாததை இவர்தான் இரண்டு தடவையும் முதலில் பார்த்தார்” என்றேன். அதிகாரி பேனாவை மூடினார்.

“அப்ப கம்ப்யூட்டரும் இருக்கட்டும், வெள்ளையனும் இருக்கட்டும். இனிமே உங்களுக்கு இங்க இன்னா வேலை?”

அடுத்த வாரமே, வெள்ளையன் கயிற்றை அவிழ்த்துவிட, கரீம் பாயின் பஸ்ஸில் மலையிறங்கினேன்.