இரண்டு சென்ரிமீற்றர் பெற்றோலில் கொட்டாஞ்சேனைக்கு

பழைய மொறிஸ் மைனர் ஒன்றில் கொழும்பைக் கடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு கேற்றிலிருந்து கொட்டாஞ்சேனைத் தேவாலய வாசல்வரை சுமார் பத்துக் கிலோமீற்றர். போன சனிக்கிழமை காலை 9.10க்குப் புறப்பட்டோம். காரணம், அக்காவின் கல்யாணம்.

பத்து மணிக்குப் பூசை. பதினொன்றுக்கு அதே பீடத்தில் வேறொரு சோடி. ஆகவே பத்தேகாலைத் தாண்டினால் பூசை கிடையாது, ஆசீர்வாதம் மட்டும்தான் என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவோ பாடகர் குழுவுக்கு மூன்று மாதமாகப் பாட்டுப் பழக்கியவள். ஒரு பாட்டு வெட்டுப்பட்டாலும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஓர்கனைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

கார் மாமாவுடையது. அறுபது வயது தாண்டியும் பெயரளவில் இன்னும் மைனர். எனக்குப் பதினாறு, நானும் மைனர். ஒரு கல்யாணத்தை இரண்டு மைனர்களை நம்பி ஒப்படைத்தது பெரியவர்களின் பிழை என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கார் இருக்கிறதே! திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் சிக்னல் கையொன்று டக்கென்று நீளும். பஸ் தரிப்பில் நிற்பவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துக் கையசைப்பார்கள்.

பெற்றோல் முள் செத்து எத்தனையோ வருடம். மாமா டாங்கிக்குள் சைக்கிள் பிறேக் கம்பியை விட்டு எடுப்பார். நனைந்த நீளத்தை அடிமட்டத்தில் அளப்பது அன்று என் வேலை.

"எவ்வளவடா?"

"ரெண்டு, மாமா."

"ரெண்டு காணும். போய் வந்து, பிறகு கடற்கரைக்கும் ஒரு சுத்துப் போகலாம்."

பம்பலப்பிட்டி வரும்போது, கையில் இருந்த அடிமட்டத்தைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். நான் அளக்காத பக்கத்தில் அங்குலம் இருந்தது. மாமாவின் கார் இங்கிலாந்தில் பிறந்தது, அங்குலத்தில்தான் குடிக்கும். நான் பள்ளிக்கூடத்தில் சென்ரிமீற்றர் குடித்து வளர்ந்தவன்.

"மாமா, அந்தப் பெற்றோல் செட்டுக்குள்ள திருப்புங்கோ! நான் அளந்தது சென்ரிமீற்றர்!"

மாமா சிரித்தார். முந்தின வாரம் 'டயரில காத்துப் போகுது' என்று பொய் சொல்லி மூன்று தரம் அவரைக் காரை விட்டு இறக்கியவன் நான்.

"இண்டைக்கு உன்ர பகிடிக்கு லீவு குடு."

"சத்தியமா, மாமா!"

"போன கிழமையும் சத்தியம்தான் பண்ணினனீ."

பின் சீற்றிலிருந்து அக்கா, "டேய், இண்டைக்கு மட்டும் வேண்டாமடா, ப்ளீஸ்" என்றாள்.

பெற்றோல் செட் வந்தது, போனது. அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மையை வாங்க ஆளில்லை.

9.31, கொள்ளுப்பிட்டி. கார் இரண்டு தரம் விக்கியது, நின்றது.

"மாமா, இவன் உண்மை சொல்லியிருக்கிறான்" என்றாள் அக்கா. பெற்றோல் முடிந்ததைவிட அதுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி போலிருந்தது.

அடுத்த செட் இருநூறு மீற்றருக்கு அப்பால் தெரிந்தது. மாமாவும் நானும் தள்ளலாம். ஸ்ரேறிங்கை யார் பிடிப்பது? அக்கா இறங்கி, வெள்ளைக் கவுணை ஒரு கையால் அள்ளிக்கொண்டு முன் சீற்றில் ஏறினாள்.

"எனக்கு லைசன்ஸ் இருக்கு. தள்ளுங்கோ!"

தள்ளினோம். பின்னால் வந்த 101 பஸ் ஹோர்ன் அடிக்காமல் மெதுவாக வந்தது. நடத்துநர் படியில் தொங்கியபடி கை தட்டினார். அக்கா செம்மஞ்சள் கையை முறையாக நீட்டி, வளைத்து, பம்புக்குப் பக்கத்தில் நூல் பிடித்ததுபோல் நிறுத்தினாள்.

பெற்றோல் அடிக்கும் பையன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "டாங்கிய கோ, மல்லி?" என்றான். டாங்கி எங்கே, தம்பி என்பதற்குச் சிங்களம். காட்டினேன். ஐந்து லீற்றர், 1,495 ரூபாய். அதற்குள் வரிசையில் நின்ற ஓட்டோவிலிருந்து தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் அண்ணர், எங்கள் பேச்சில் நானா, இறங்கி வந்தார். வயது அறுபது இருக்கும். பொனற்றைத் தடவினார்.

"எங்க வாப்பாகிட்டயும் இது மாதிரி ஒண்டு இருந்திச்சி. செட்டுக்கு வந்தா என்னய இதுக்கு மேல தூக்கி வெப்பாரு. அப்ப பெற்றோல் அடிக்கிற ஆளே கண்ணாடியும் தொடப்பான், தண்ணியும் பாப்பான், எனக்கு டொபியும் குடுப்பான்."

மாமா சாவியைத் திருப்பினார். காருக்குள் இருக்கும் பெற்றோல் பம்ப் டிக்டிக்கென்று அடித்திருக்க வேண்டும். சத்தமே இல்லை. மணி 9.43.

"வெறும் டாங்கில ஓடினா அடியில உள்ள ஊத்தை எல்லாம் பம்புக்குள்ள இழுத்து ஒட்டிக்கும்" என்றார் அவர். "பம்புல மெல்ல ஒரு தட்டு. சரியாவும்."

எதால் தட்டுவது? சுத்தியல் இருக்கும் ஆயுதப் பெட்டி வீட்டில். அக்கா சப்பாத்தைக் கழற்றினாள்.

"மகள், கல்யாணச் சப்பாத்து!" என்று பதறினார் நானா.

"கல்யாணமே இல்லாட்டிச் சப்பாத்து என்னத்துக்கு, நானா?"

மாமா பொனற்றைத் திறக்க, அவளே குனிந்து சப்பாத்துக் குதியால் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் டிக், டிக், டிக்டிக்டிக்! செட்டே கூவியது. வரிசையில் நின்ற ஓட்டோக்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. புதுக் கார் நின்றால் சனம் ஏசும். இதைச் சுற்றிச் சொந்தக்காரர்கள்போல நின்றார்கள்.

காலிமுகத்திடல், கோட்டை, கொச்சிக்கடை. 10.09க்குத் தேவாலய வாசல். இடது கையுறையில் கறுப்பு எண்ணெயோடு அக்கா உள்ளே நடந்தாள். ஒரு பாட்டும் வெட்டுப்படவில்லை.

நீங்களும் போவதென்றால்: வெள்ளவத்தையிலேயே ஐந்து லீற்றர் அடித்துவிடுங்கள். பழைய காருக்கு வழமையான நேரத்தோடு அரை மணி கூட்டுங்கள். சனிக்கிழமையென்றால் ஒன்பதுக்கு முன் கிளம்புங்கள். பகிடி விடுகிறவர்களிடம் அளக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

திரும்பும் வழிபற்றி எனக்குத் தெரியாது, என்னை ஏற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பூக்கட்டிய ஏசிக் கார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமாவின் கையிலிருந்து சாவியை எடுத்து ஸ்ரேறிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மாமா பின் சீற்றில் ஏறினார். கோட்டும் சூட்டுமாய் நின்ற மாப்பிள்ளை அத்தான்தான் தயங்கினார்.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"முன்னால ஏறுங்கோ" என்றாள் அக்கா. "கார் நிண்டா இறங்கித் தள்ளுங்கோ."