நசூனாவின் நிறம்

எங்கள் ஊர் நியென்டோவில் யாருக்குக் கல்யாண வீடியோ பார்க்க வேண்டுமென்றாலும் நந்தேசாவின் புரொஜெக்டர்தான் போகும். காலையில் மீன் பொரித்து விற்பாள். மத்தியானம் அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டுக்காரியான நான் திரைத்துணியைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போவேன். கூலி கேட்டால், "ஓசியில படம் பாக்குறல்ல, அது போதாதா?" என்பாள்.

எந்த வீட்டிலும் படத்தைப் பளிச்சென்று வைப்பதுதான் அவள் வழக்கம். கல்யாண வீட்டாருக்குக் கவுன் மின்ன வேண்டும். கவுன் மின்னினால் சண்டை வராது.

லுபேகாவின் வீட்டிலும் அப்படித்தான் வைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறித்துக்கொண்டு படுத்தவர் அவர். ஒரே மகள் நசூனாவைச் சித்தப்பாதான் கைபிடித்துத் தேவாலயத்துக்குள் கூட்டிப்போனார். "என்னைத் தேடினாளா?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டார் லுபேகா. "நாள் முழுக்கச் சிரிச்சுக்கிட்டே இருந்தா" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மனிதர் சோற்றைக் குறைத்துவிட்டார்.

ஜன்னல்களில் போர்வை மாட்டினோம். நந்தேசா எங்கள் பக்கத்து வழக்கப்படி மண்டியிட்டு அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். துணி முழுக்கக் கவுன் ஜொலித்தது. அதன்மேல் கறுப்புத் திட்டாக ஒரு முகம்.

"கவுனு வந்திருக்கு. என் மக எங்கே?" என்றார் லுபேகா.

நந்தேசா கான்ட்ராஸ்டைக் குறைத்து, வெளிச்சத்தை ஏற்றினாள். கண்ணும் மூக்கும் தெரிந்தன. கவுன் மங்கிப்போனது.

லுபேகாவின் அக்கா தியோபிஸ்டா துள்ளி எழுந்தாள். மணப்பெண்ணின் அத்தை, அந்தக் கவுனுக்காகக் கம்பாலா வரை அலைந்தவள். "அடிப்பாவி! பாலு மாதிரி இருந்துச்சு, அதைப் பாத்திரம் கழுவுன தண்ணி ஆக்கிட்டியே!"

"கவுனு உங்க பெட்டியிலதான இருக்கு பெரியம்மா, வேணும்போது தொறந்து பாத்துக்குங்க. பொண்ணு பெட்டியில இல்ல."

"சண்டையை விடுங்க," என்றார் லுபேகா. "முகம் தெரியுது. ஆனா சாம்பல் பூசின மாதிரி இருக்கு. காய்ச்சல்காரி முகம். என் மக என் நிறம்." போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினார்.

நசூனாவை நந்தேசா நேரில் பார்த்ததேயில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, போன் விளக்கை அந்தக் கையின்மேல் பிடித்தாள். நீலத்தைக் குறைப்பாள், சிவப்பைத் துளி ஏற்றுவாள், கையைப் பார்ப்பாள், துணியைப் பார்ப்பாள்.

"அசையாதீங்க ஐயா. துணி எடுக்கப் போற கடையில கூட இவ்வளவு பாத்துப் பாத்து எடுத்ததில்ல நான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, லுபேகாவுக்கும் வந்தது. அவர் சிரித்து வெகுநாளாகியிருந்ததால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கறுப்புக்குள் சிவப்பு ஓடும் அந்த நிறம் கன்னத்தில் மெல்ல ஏறியது.

"போதும். இவதான்," என்றார்.

நந்தேசா முதலிலிருந்து ஓடவிட்டாள். பாதிரியார் பேசிக்கொண்டிருக்கிறார், மாப்பிள்ளை சிரிக்கிறார். நசூனா சிரிக்கவில்லை. அவள் கண் மாப்பிள்ளையைத் தாண்டி வாசலுக்குப் போகிறது, திரும்புகிறது, மறுபடியும் போகிறது. அன்று தேவாலயத்தில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் கவுனையல்லவா பார்த்துக்கொண்டிருந்தோம்!

"யாரைத் தேடுறா இவ?" என்றாள் தியோபிஸ்டா. கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. தம்பியின் காலடியில் உட்கார்ந்தாள்.

லுபேகா அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. துணியில் மகள் மறுபடி வாசலைப் பார்த்தாள்.

"இங்கதாம்மா இருக்கேன்," என்றார் அவளிடம்.