மொட்டை முடியில் வேர் இல்லை

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரை வாயெல்லாம் பல்லாக வரவேற்கக் கூடாது. கணவன் மனைவிக்குள் சந்தேகம் முற்றினால் மரபணுவைச் சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடத்துக்காக, சுங்கைப்பட்டாணி நகரில் மாதிரி வாங்கி அனுப்புகிறவள் நான். வீட்டுக்காரரின் கைப்பேசியை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர்கள் உங்களில் இருந்தால் கை தூக்குங்கள், நான் தூக்கவில்லை. ஆகவே, இதை நம்மவர் கதையென்றே படியுங்கள்.

சுத்தம் சோறு போடும்

ஜித்ராவிலிருந்து ஓர் அக்கா. கணவரின் சட்டைக் காலரில் உதட்டுச் சாயம் பார்த்திருக்கிறார். அதில் எச்சில் தடயம் கிடைக்குமா என்று தொலைபேசியில் கேட்டார். கிடைக்கலாம், அப்படியே கொண்டு வாருங்கள் என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி வந்தார்.

பையைத் திறந்தால் சவர்க்கார வாசம் குப்பென்று வீசியது. துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டன்கூட மாட்டியிருந்தார். இனி இதில் என்ன இருக்கும் என்று தலையில் கை வைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன என்ன மிஸ், அழுக்குச் சட்டையக் கொண்டாந்து குடுத்தா, புருசனுக்குத் தொவைச்சிப் போடாத பொம்பளன்னு நெனைக்க மாட்டீங்களா?"

பெயர் எங்கே?

யான் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கணவரின் காரில் கிடந்த கைத்துண்டையும், ஒப்பிட்டுப் பார்க்கத் தன் எச்சிலையும் கொடுத்திருந்தார். அறிக்கை வந்தது. துண்டில் இருப்பது ஒரு பெண்ணின் மரபணு, அது உங்களுடையது இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அழுவார் என்று தண்ணீர் போத்தலைத் திறந்து வைத்திருந்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு போடலியே லா. அப்ப நான் யாரப் போயி திட்டுறது?"

கோயிலில் எடுத்தது

பாடாங் மேஹாவிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. ஒரு வயது மகள் தன் சாயலில் இல்லை என்று கூட்டாளிகள் கேலி பேசியது மனத்தில் தைத்துவிட்டது. கோயிலில் பிள்ளைக்கு முடியிறக்கியபோது, யாருக்கும் தெரியாமல் ஒரு பிடியை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாராம். சாமிக்குச் சேர வேண்டியது என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கத்தியால் மழித்த முடியில் வேர் இருக்காது அண்ணே, மரபணு பார்க்க எங்களுக்கு வேர் வேண்டும் என்றேன். மேலும், பிள்ளையின் அம்மா கையெழுத்துப் போடாமல் எங்கள் இடத்தில் மாதிரி எடுப்பதில்லை. அவர் அந்தப் பையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்து நிம்மதியடைந்தேன்.

மறுவாரம் மனைவியையும் மகளையும் அழைத்து வந்தார். அந்தப் பெண் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். பிள்ளையின் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் தடவியபோது அது என் விரலைக் கடித்துச் சிரித்தது. எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மேசையில் அதைக் காட்டவும் முடியாது.

முடிவு வாங்க மூவரும் வந்தார்கள். பிள்ளை அவருடையதுதான். அவர் மகளைத் தூக்கி, மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்துக்கொண்டே அழுதார். மனைவி அறிக்கையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவர் வண்டியை எடுக்கப் போனதும் என் பக்கம் திரும்பினாள். "பிள்ள யாருதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும் மிஸ். இனிமே இவர என் புருசன்னு எப்படி நெனைக்கிறது, அதுக்கு ஏதாச்சும் டெஸ்ட் இருக்கா?"

சந்தேகத்தைத் தீர்த்து வைக்கிறோம் என்றுதான் எங்கள் பலகையில் எழுதியிருக்கிறது. சந்தேகப்பட்டுவிட்டதைத் தீர்த்து வைக்க எங்களிடம் எந்தப் படிவமும் இல்லை.